முந்திரித் தோப்பில் பொறுக்கிய பீங்கான் சில்லுகள்

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், அபியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டதுதான். நடைமேடையில் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. தண்ணீர் விற்கும் கடை கண்ணெதிரே இருந்தது. "நான் போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வரேம்மா" என்றாள். "வேண்டாம், சேர்ந்தே போகலாம்" என்றேன். பெட்டி, பை, சுருட்டிய படுக்கை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு இருவருமாகப் போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினோம். கடைக்காரர் எங்களையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அபிக்குப் பன்னிரண்டு வயது. ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், அவள் துணையில்லாமல் போகிற அதிகபட்ச தூரம் எங்கள் கதவிலிருந்து லிஃப்ட் வரைக்கும். அப்படிப்பட்டவள் பள்ளியில் சாரணியர் குழுவில் சேர்ந்து பேட்ஜ் மேல் பேட்ஜாக வாங்கிக்கொண்டிருந்தாள். முடிச்சுக்கு ஒன்று, முதலுதவிக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று. எல்லாம் ஏ.சி. போட்ட ஹாலில் வாங்கியவை. தீ மூட்டும் பாடத்தில் நிஜத் தீ வைத்தால் அலாரம் அடித்துவிடும் என்பதால், ஆரஞ்சு நிறக் காகிதத்தைக் கசக்கி விறகின் மேல் வைத்தார்கள். வழித்தடம் கண்டுபிடிக்கும் பாடத்தில் வராந்தாவில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டார்கள். அம்பு எப்போதும் கேன்டீனில் போய் முடியும்.

அணித்தலைவி ஆக வேண்டுமானால் இது போதாது. திறந்தவெளியில், நிஜமான தடத்தில், ஓர் அணியை நடத்திச் சென்று காட்ட வேண்டும். பாலைவன முகாமுக்கு இரண்டு முறை வாய்ப்பு வந்தது. முதல் முறை மணற்காற்று வீசும் என்று நான் அனுப்பவில்லை. இரண்டாம் முறை அவளுக்கு லேசான இருமல். ஜனவரியில் தலைவியைத் தேர்ந்தெடுக்கப் போவதாகவும், அதற்குள் அபி இதை முடிக்காவிட்டால் வேறு பெண்ணுக்குத்தான் என்றும் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அபி அழவில்லை, கெஞ்சவும் இல்லை. சீருடையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவளுடைய சாரணியர் கேப்டனுக்குப் பயிற்சிக் காலத்துத் தோழி ஒருவர் விருத்தாசலத்தில் இருந்தார். ரெஜினா டீச்சர். அரையாண்டு விடுமுறையில் தன் பள்ளிப் பெண்களுக்கு முகாம் நடத்துகிறார், அபியையும் சேர்த்துக்கொள்வார் என்றார்கள். "நீயும் கூடப் போய் இருந்துக்கோ, அப்பதான் உனக்குத் தூக்கம் வரும்" என்றார் என் கணவர். இப்படித்தான் 2007 டிசம்பரில், எனக்கு ஒரு உறவுக்காரர்கூட இல்லாத ஓர் ஊரில் வந்து இறங்கினேன்.

ரெஜினா டீச்சர் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், காட்டன் புடவை, கழுத்தில் விசில். அபியைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். அபியும் இடது கையைக் கொடுத்தாள். "வலது கை கொடு" என்று நான் அவசரமாகக் கிசுகிசுத்தேன். "இல்லம்மா, சாரணியர்ல இடது கைதான் குடுப்போம்" என்றாள் அபி. டீச்சர் சிரித்துவிட்டு, எனக்கு மட்டும் கைகூப்பினார்.

பள்ளி ஊருக்கு வெளியே, பெண்ணாடம் சாலையில் இருந்தது. தனியார் பஸ். பாட்டு அலறியது. கண்டக்டர் அபியின் படுக்கைச் சுருளைத் தட்டிப் பார்த்து, "ஏம்மா, உள்ள யாராச்சும் தூங்கறாங்களா?" என்றார். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஒன்று சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. ஷார்ஜாவில் சாலை அடைத்துக்கொண்டால் எல்லோரும் ஹாரனில் கை வைப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கிப் போய் ஆளுக்கொரு கரும்பை உருவிக்கொண்டு வந்தார்கள். டிராக்டர்காரர், "உருவுங்க உருவுங்க, பாரம் கொறையட்டும்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒரு துண்டை ஒடித்து அபியிடம் நீட்டினார். "தின்னு கண்ணு."

"கழுவிட்டுத் தின்னும்மா" என்றேன் நான்.

"கரும்ப எங்கனா கழுவுவாங்களா? தோல உரிச்சிட்டுத்தான திங்கப்போவுது?" என்றார் அவர். அபி ஏற்கெனவே பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்குப் பின்னால் பீங்கான் சூளைகளின் புகைபோக்கிகள் தெரிந்தன. சுற்றுச்சுவரை ஒட்டி உடைந்த பீங்கான் குவியல் குவியலாகக் கிடந்தது. ஃபியூஸ் கட்டைகள், மின்கம்பத்தில் பார்க்கும் வெள்ளைக் குமிழ்கள், காதுடைந்த ஜாடிகள், தலையில்லாத பொம்மைகள். எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவு கூரான பொருள் கிடக்கிற இடத்தில் பிள்ளைகளை எப்படி ஓடவிடுகிறார்கள் என்பதுதான். டீச்சரிடம் கேட்டேன். "எங்க புள்ளைங்க பொறந்ததுலேருந்து இதுலதான் நடக்குதுங்க. நீங்க மொதல்ல உக்காந்து காப்பி குடிங்க, கவிதா" என்றார்.

அபியை மல்லிகை அணியில் போட்டார்கள். அந்த அணியின் தலைவி விடுமுறைக்குத் திட்டக்குடியில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். துணைத்தலைவி சங்கீதா, இந்த முறை தான்தான் தலைவி என்று நினைத்திருந்தவள். உயரமான, வாய்த்துடுக்கான பெண். டீச்சர், "மூணு நாளைக்கு அபிதான் லீடர். தடத்துல அவதான் நடத்திட்டு வரணும்" என்றபோது சங்கீதா, "சரிங்க மிஸ்" என்றாள். டீச்சர் நகர்ந்ததும், "துபாய்லேருந்து லீடரு எறக்குமதி பண்ணிருக்காங்கடி" என்றாள். ஷார்ஜா என்று திருத்த அபி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் விடியும்போதே எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு. எதிர்ச்சாரி வாசல்களில் கோலம். நான் சமையலுக்கு உதவும் அம்மாவாக ஆனேன். கேட்டு வாங்கிய வேலை, அடுப்பிலிருந்து அபி கண்ணில் படுவாள் என்பதால்.

குழாயடியில் சேறு. என் செருப்பு ஷார்ஜாவில் வாங்கியது. அடியில் பெரிய பெரிய பூவாக வெட்டியிருக்கும். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்த வழியெல்லாம் சேற்றில் பூ விழுந்தது. "ஆன்ட்டி செருப்பு கோலம் போடுது, பாருங்கடி!" என்று கத்தினாள் சங்கீதா. மற்றப் பெண்கள் ஓடி வந்து பார்த்தார்கள். அபிக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கும்தான்.

அன்று மல்லிகை அணி தக்காளிச் சோறு ஆக்கியது. மூன்று கல், பச்சை விறகு. அபி ஊதி ஊதிப் பார்த்தாள். புகைதான் வந்தது.

"ஏ லீடரு, ஒங்க ஊர்ல நெருப்பே கெடையாதா?"

"காகிதத்துலதான் செய்வோம்" என்று அபி ஆரஞ்சுக் காகிதக் கதையைச் சொல்லிவிட்டாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. ரெஜினா டீச்சர் என் பக்கம் திரும்பாமலே, "வெங்காயம் இன்னும் இருக்குது, கவிதா" என்றார். உட்கார்ந்து உரித்தேன். கடைசியில் சங்கீதாதான் காய்ந்த முந்திரிச் சருகை அள்ளி வந்து போட்டாள், அபி ஊதினாள், பிடித்துக்கொண்டது. சோறு அடிபிடித்தது. அந்தக் கருகிய வாசனையோடு அபி இரண்டு தட்டு சாப்பிட்டாள். வீட்டில் பருப்பு கொஞ்சம் கெட்டியானாலே தட்டைத் தள்ளுகிறவள்.

சாயங்காலம் நல்ல மழை. கூடாரங்களிலிருந்து எல்லோரும் வகுப்பறைக்கு ஓடினோம். பிள்ளைகளின் கேன்வாஸ் ஷூக்கள் வெளியிலேயே கிடந்து ஊறிப்போயின. காலையில் மதில்மேல் வரிசையாகக் காய வைத்தும் ஈரம் போகவில்லை. மல்லிகை அணியில் மூன்று பெண்கள் ரப்பர் செருப்பில் வருவதாகவும், இரண்டு பேர் வெறுங்காலோடே வருவதாகவும் சொன்னார்கள். அபியின் ஷூ மட்டும் எப்படியோ நனையாமல் தப்பியிருந்தது. எனக்கு வெறுங்கால்களைப் பற்றியே நினைப்பு.

அன்றுதான் தடம். டீச்சர் விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார். முந்திரித் தோப்பைத் தாண்டி, நீலக் கதவு போட்ட மோட்டார் கொட்டகையில் அவர் காத்திருப்பார். முதலில் மல்லிகை அணி, கொஞ்ச நேரம் கழித்துத் தாமரை அணி. பி.டி. டீச்சர் இங்கிருந்து அனுப்பிவைப்பார். பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததும் சாப்பிட வெண்பொங்கல் தூக்கை நான் முன்னதாகக் கொண்டுபோக வேண்டும். "ரயில் ரோட்ட ஒட்டிப் போனா மாட்டுவண்டித் தடம் வரும். அதப் புடிச்சி கேட்டுக் கேட்டு வாங்க" என்று வழியும் சொல்லியிருந்தார்.

ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் துணிப்பை. மழை பெய்த மண், காலை வைத்தால் மெத்தென்று அமுங்கியது. சூளைகளுக்குப் பின்னால் பீங்கான் மலையாகக் கிடந்தது. அதை நான் என்ன செய்ய முடியும், விட்டுவிட்டேன். ஆனால் தோப்புக்குள் நுழைந்த பிறகும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைச் சில்லுகள் தடத்தின் நடுவிலேயே கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முனை ஊசி போல் இருந்தது. வெறுங்காலோடு வரும் இரண்டு பிள்ளைகளும் இந்த வழியாகத்தானே வர வேண்டும்? கொஞ்சம்தானே, பொறுக்கிவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டே நடந்தேன்.

சில இடங்களில் மூன்று நான்கு சில்லுகள் சேர்ந்தாற்போல் இருந்தன. மாடு மேய்க்கும் பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில், இடப்பக்கம், நீளமான இரண்டு சில்லுகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தன. மேலே கிடந்தது கத்தியேதான். அதை எடுத்தபோது எனக்கு என்மேலேயே மதிப்பு வந்தது.

பை கனத்தது. இடப்பக்கம் கொஞ்ச தூரத்தில் தண்ணீர் மினுங்கியது. களிமண் வெட்டி எடுத்த பெரிய பள்ளம், மழையில் நிறைந்து கலங்கலாக நின்றது. சில்லுகளை அதில் கொட்டிவிடலாம் என்று கரைவரை போனேன். பிறகு, மாடு தண்ணீர் குடிக்க இறங்குமோ, அதன் காலில் குத்துமோ என்று யோசனை வந்தது. வந்த வழியே திரும்பினேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம் நீலக் கதவுக் கொட்டகை எங்கே என்று கேட்டேன். "அந்தாண்ட போங்க" என்று வலப்பக்கம் கைகாட்டினார்.

கொட்டகை வாசலில் ரெஜினா டீச்சர் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார். தூக்கை இறக்கி வைத்தேன்.

"வழியில குறியெல்லாம் கலையாம இருந்துச்சா?"

"எந்தக் குறி டீச்சர்? சாக்பீஸ் எதையும் நான் பார்க்கலையே."

"ஈர மண்ணுல சாக்பீஸ் எங்க எழுதும்? எங்களுக்குப் பீங்கான் ஓடுதான் சாக்பீஸு. வெள்ளையா பளிச்சினு தெரியும் பாருங்க."

நான் துணிப்பையைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

டீச்சர் பைக்குள் பார்த்தார். முதலில் சிரிப்புத்தான் வந்தது அவருக்கு, தோள் குலுங்கியது. "காலையில இடுப்பொடிய வெச்சிட்டு வந்தேன், தாயே!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "பிரியற எடத்துல பெருக்கல் குறி ஒண்ணு போட்டிருந்தேன். இந்தப் பக்கம் போவாதேன்னு. அதையுமா?"

"அதையும்தான் டீச்சர் எடுத்தேன். பள்ளத்துக்குப் போற வழியில."

அவர் எழுந்துவிட்டார். நான் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவில் மணற்காற்றுக்கும் இருமலுக்கும் பயந்து கதவைச் சாத்தியவள், அவ்வளவு தூரம் விமானத்தில் வந்து, என் கையாலேயே என் பெண்ணுக்குத் தண்ணீருக்குப் போகும் வழியைத் திறந்து விட்டிருக்கிறேன். அவளுக்கு நீச்சல் தெரியும், டைல்ஸ் போட்ட குளத்தில். அந்தக் கரையோ வெண்ணெய் போல் வழுக்கியது, நான் நின்று பார்த்த கரை. கூட ஐந்து பிள்ளைகள் வேறு. "மொள்ளப் போங்க, நீங்க வுழுந்து வெக்காதீங்க" என்று பின்னாலிருந்து டீச்சர் கத்தினார். விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பதில் இல்லை. மறுபடி ஊதினார்.

தோப்புக்குள் எங்கிருந்தோ ஒரு விசில் பதில் சொன்னது. பள்ளத்துப் பக்கமிருந்தா, இந்தப் பக்கமிருந்தா என்று எனக்குப் புரியவில்லை. டீச்சருக்குப் புரிந்தது. நடையைக் குறைத்துவிட்டார்.

ஒரு முந்திரி மரத்தைச் சுற்றி வந்தால், எதிரே ஆறு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் தலையைக் குனிந்து, தடத்தின் ஓரமாகவே கால் வைத்து. முன்னால் அபி. கையிலிருந்த கழியால் மண்ணைத் தொட்டுத் தொட்டு வந்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. கழியின் நுனி என் செருப்புக்கு முன்னால் வந்து நின்றது. செருப்பைப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் சொல்லல? எங்கம்மாதான்" என்றாள் பின்னால் திரும்பி.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நனைந்திருக்கவில்லை. வெறுங்காலோடு வந்தவர்களின் காலையும் பார்த்தேன். சேறு மட்டும்தான்.

சங்கீதாதான் நடந்ததைச் சொன்னாள். "ஒரு குறி இருந்துச்சி மிஸ், அப்பறம் ஒண்ணையும் காணோம். நான் சொன்னேன், எனக்கு இந்த எடமெல்லாம் தெரியும், பள்ளத்தோரமா போனா குறுக்கால வந்துடலாம்னு. இவ ஒத்துக்கல. கடைசிக் குறிக்கே திரும்பி வான்னுட்டா. அங்க குந்திக்கிட்டுப் பாக்கறா பாக்கறா, மண்ணையே பாக்கறா. கொஞ்சம் தள்ளி ஓடு இருந்த எடம் மட்டும் குழியா இருக்குது, பக்கத்துல ஆன்ட்டி செருப்புப் பூ. 'எங்கம்மா கூரா எதையும் கீழ கெடக்க வுட மாட்டாங்க, அவங்கதான் பொறுக்கிருப்பாங்க, கொட்டகைக்குத்தான போறாங்க, பூவப் புடிச்சே போலாம்'னா."

"பிரியற எடத்துல?" என்றார் டீச்சர். சிரிக்கவில்லை.

"பூ ரெண்டு பக்கமும் போச்சு மிஸ்" என்றாள் அபி. "எல்லாரையும் அங்கயே உட்காரச் சொல்லிட்டுப் பார்த்தேன். இடது பக்கம் போன பூ மேலயே திரும்பி வந்த பூவும் இருந்துச்சு. வலது பக்கம் போனது திரும்பி வரல. அம்மா அங்க போயிட்டு, யோசிச்சு, வேண்டாம்னு வந்திருப்பாங்க. எப்பவும் அப்படித்தான்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்படியேதான் டீச்சர்."

அவர் அபியிடம் இடது கையை நீட்டினார். "நான் வெச்ச சோதனை சுளுவு. ஒங்கம்மா வெச்சதுதான் கஷ்டம். ரெண்டுலயும் பாஸு" என்றார். ஷார்ஜாவுக்கு இன்றைக்கே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். நான் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

"குந்திட்டா எப்பிடி? தாமர அணி கெளம்பற நேரம் ஆச்சி. பொறுக்கினவங்கதான் வெக்கணும்" என்றார் டீச்சர். பி.டி. டீச்சருக்குப் போன் போட்டு, பிள்ளைகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

மல்லிகை அணியோடு நான் வந்த வழியே திரும்பி நடந்தேன். பையிலிருந்து சில்லுகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை, வைப்பதும் என் வேலை. அபி, மண்ணில் குழிந்திருந்த அடையாளத்தைக் காட்டி எது எங்கே என்று சொன்னாள். "அம்பு நுனி இந்தப் பக்கம் ஆன்ட்டி, இல்லனா எல்லாரும் ஸ்ரீமுஷ்ணம் போய் நிப்பாங்க" என்று திருத்தினாள் சங்கீதா. பிரியும் இடத்தில் பெருக்கல் குறியை நான் இன்னும் இரண்டு சில்லு சேர்த்துப் பெரிதாகவே வைத்தேன். யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

தடத்தின் ஓரமாகவே கால் வைத்து ஏன் வந்தீர்கள் என்று திரும்பும்போது கேட்டேன். "பூவ மிதிச்சிட்டா அழிஞ்சிடும்ல ஆன்ட்டி? லீடரு சொல்லிச்சு" என்றாள் சங்கீதா. லீடர் என்று அவள் கேலியில்லாமல் சொன்னது அதுதான் முதல் முறை. பொங்கல் ஆறிப் போயிருந்தது. ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

மறுநாள் கிளம்பினோம். சங்கீதா ஒரு பொட்டலம் வறுத்த முந்திரி கொடுத்தாள். அபி தன் முடிச்சுப் பேட்ஜைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டாள். அதைக் கொடுக்கலாமா, பள்ளியில் கேட்பார்களே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "போயிட்டு வரேன்னு சொல்லு, போறேன்னு சொல்லாத" என்று சங்கீதா அபியை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

ஜங்ஷனில் ரயில் தாமதம். அதே நடைமேடை, அதே கடை, இடையில் இப்போது நிறையக் கூட்டம். அபி பெட்டி, பை, படுக்கை மூன்றையும் என் காலைச் சுற்றி நிறுத்தி வைத்தாள்.

"நான் போய்த் தண்ணி வாங்கிட்டு வரேன். நீங்க இங்கயே நில்லுங்க. நகரக் கூடாது" என்றாள்.

கூட்டத்தில் அவளுடைய பின்னல் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நுனிக்காலில் எட்டிப் பார்த்தேன். ஓரடி முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவள் தண்ணீரோடும், இரண்டு கொய்யாப்பழத்தோடும் திரும்பி வந்தபோது, விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அபி என் செருப்பைப் பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள்.

கொய்யாவைக் கழுவாமலே கடித்தேன்.